அம்புலி யாருக்குப் பங்காளி?

படப்புத்தகம் என்றால் படம் போட்ட புத்தகம் என்று புரிந்து வைத்திருக்கிறோமே, அங்கிருந்தே சிக்கல் தொடங்கிவிடுகிறது. படம் போட்ட புத்தகத்தில் எழுத்து கதையைச் சொல்லி முடித்துவிட்டிருக்கும். படம் அதற்குச் சாட்சி சொல்ல மட்டும் வரும். 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தெலுங்கில் 'சந்தமாமா'வையும் தமிழில் 'அம்புலிமாமா'வையும் தொடங்கினார்கள். 1950களின் தொடக்கத்திலிருந்து அதில் வரைந்துவந்த சங்கரின் விக்கிரமாதித்தனை, தோளில் தொங்கும் அந்த வேதாளத்தை, இரண்டு மூன்று தலைமுறை மறக்கவில்லை. ஆனாலும் படத்தை எடுத்துவிட்டால் கதைக்குச் சேதாரம் ஒன்றுமில்லை. அசல் படப்புத்தகம் என்பது வேறு வகைப் பிரதி. அங்கே எழுத்து வாய்மூடும் இடத்தில் படம் பேசும். பக்கம் புரட்டுவதே ஒரு வாக்கியமாகிவிடும். படிக்கத் தெரிந்த ஒருவர், படிக்கத் தெரியாத ஒருவர், இரண்டு பேர் சேர்ந்தால்தான் அந்த வாசிப்பு நடக்கும். ஆகவே எந்தப் படப்புத்தகமும், அது யானையைப் பற்றியதோ நிலாவைப் பற்றியதோ, அடியில் குடும்பத்தைப் பற்றியதுதான். மடி இல்லாமல் அந்தப் பிரதி திறப்பதில்லை.

இந்த இடத்திலிருந்து ஒரு புத்தகத்தைப் பார்க்கலாம். அமெரிக்க ஓவியர் எரிக் கார்ல் 1986இல் வெளியிட்ட 'பாப்பா, ப்ளீஸ் கெட் த மூன் ஃபார் மீ'. தலைப்பைத் தமிழ் எழுத்தில் எழுதும்போதே ஒரு வேடிக்கை. அவர்களுக்குப் பாப்பா என்றால் அப்பா, நமக்கோ குழந்தை. நம் காதுக்கு, யாரோ ஒரு பெரிய ஆள் குழந்தையிடம் நிலாவைக் கேட்பது போல இருக்கிறது. இந்தத் தலைகீழ்க் கேட்பு அவ்வளவு தப்பில்லை என்பது போகப்போகத் தெரியும்.

கதை சின்னது. மோனிகா என்கிற சிறுமிக்கு நிலாவோடு விளையாட ஆசை. எட்டிப் பார்க்கிறாள், எட்டவில்லை. அப்பாவிடம் கேட்கிறாள். அப்பா நீண்ட ஏணி ஒன்றைத் தூக்கிக்கொண்டு உயர்ந்த மலைக்குப் போய், மலை உச்சியில் ஏணியைச் சாத்தி ஏறுகிறார். நிலா மிகப் பெரிதாக இருக்கிறது. நான் தினம் தினம் சிறுத்துக்கொண்டு வருவேன், தோதான அளவு வந்ததும் எடுத்துக்கொண்டு போ என்கிறது நிலா. அப்படியே அவர் இறக்கிக் கொண்டுவருகிறார். மோனிகா அதைக் கட்டிப் பிடிக்கிறாள், தூக்கிப் போடுகிறாள், ஆடுகிறாள். நிலாவோ சிறுத்துக்கொண்டே போய்க் காணாமலாகிறது. பிறகு ஒரு ராத்திரி வானத்தில் கீற்றாகத் தெரிந்து வளரத் தொடங்குகிறது.

எழுத்து இவ்வளவுதான். ஆனால் ஏணி வரும் பக்கம் பக்கவாட்டில் மடிப்பு மடிப்பாக விரிகிறது. ஏறும் பக்கம் மேல்நோக்கித் திறக்கிறது. முழுநிலா வரும் பக்கம் நாலு பக்கமும் விரிந்து பிள்ளையின் மடியை மூடிவிடுகிறது. தூரம் என்பதைக் கார்ல் சொல்லவில்லை, காகிதத்தால் செய்து காட்டுகிறார். விண்வெளி பற்றிய நமது பாடநூல்கள் 3,84,400 கிலோமீட்டர் என்று எழுதி நகர்ந்துவிடுகின்றன. அந்த எண் பெரியவர்களுக்கே எதுவும் சொல்வதில்லை, ஆறு வயசுப் பிள்ளைக்கு அது வெறும் கோடு. புத்தகத்தின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீண்டு போகும் ஏணி அதற்குச் சொல்லிவிடும்.

ஆசிரியன் செத்துவிட்டான் என்று நாம் எத்தனை தடவை எழுதியிருந்தாலும், இந்தப் புத்தகத்தின் முன் கார்லின் வாழ்க்கை வந்து நிற்பதைத் தடுக்க முடியவில்லை. 1929இல் அமெரிக்காவில் பிறந்தவர், சிறுவயதிலேயே பெற்றோரின் சொந்த நாடான ஜெர்மனிக்குத் திரும்பக் கொண்டுபோகப்பட்டார். கையைப் பிடித்துக் காடு மேடெல்லாம் கூட்டிப்போய்ப் பூச்சி புழுவெல்லாம் காட்டிய அப்பாவை யுத்தம் பிடுங்கிக்கொண்டது. சோவியத் கைதியாக இருந்து 1947இல் அவர் திரும்பியபோது பையனுக்குப் பதினெட்டு. வானம் வரை ஏணி சாத்தும் அப்பாவை வரைந்தவர், அப்பா இல்லாமல் வளர்ந்த பிள்ளை. அந்த ஏணி அவ்வளவு நீளமாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எல்லாம் வல்ல அப்பா என்பது எங்கேயும் ஒரு குறையிலிருந்துதான் வரையப்படுகிறது. நேர்மாறாக, சோவியத் நாட்டிலிருந்து தமிழுக்கு வந்த ரஸ்கினின் 'அப்பா சிறுவனாக இருந்தபோது' நூலில், நோயுற்ற மகளுக்கு அப்பா சொல்வதெல்லாம் தான் விழுந்ததும் பயந்ததும் ஏமாந்ததுமான கதைகள். அந்த அப்பாவால் நிலாவை இறக்க முடியாது. சிரிக்கவைக்க முடியும்.

இந்தக் கார்ல் புத்தகத்தைப் பாளையம்பட்டியில் ஒரு மொட்டைமாடியில், பதினைந்து இருபது பிள்ளைகளுக்கு நடுவில் விரித்துக் காட்டி, தமிழில் வாய்வழியாகச் சொல்லிப் பார்க்க வாய்த்தது. அருப்புக்கோட்டையை ஒட்டிய ஊர். இந்தப் பக்கம் தறிச்சத்தம், அந்தப் பக்கம் திருச்சுழி வரை காய்ந்த காடு. அங்கே எழுந்த கேள்விகள்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தன. முதல் கேள்வி ஏணியைப் பற்றி. "அம்புட்டு நீள ஏணி யார்ட்ட வாங்குனாரு?" இன்னொருத்தன் குறுக்கே விழுந்தான்: "ஏணி எதுக்குடா, எங்க தாத்தான்னா தளைநாரு போட்டு ஏறிருவாரு." பனையேறிக் குடும்பத்துப் பையன். இரண்டாவது கேள்வி, "அவுங்க அம்மா எங்க சார்?" புத்தகத்தில் அம்மா இல்லை. மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஒன்பது வயசிருக்கும் ஒரு பிள்ளை, நிலா மோனிகாவின் கையில் இருக்கும் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டது: "இவ வீட்டுக்குக் கொண்டாந்துட்டா மத்த ஊருக்கு?"

வெள்ளைக்கார விமர்சகர்கள் இந்தப் பக்கத்தை அன்பு என்றும் வியப்பு என்றும் வாசித்துவிட்டுப் போவார்கள். எனக்குத் தெரிந்து 'மத்த ஊருக்கு?' என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது? கண்மாய்த் தண்ணீரை மடை வைத்து முறைபோட்டுப் பங்கிட்ட ஊர் அது. ஒரு வயலுக்குப் பாய்ந்தால் இன்னொரு வயலுக்கு இல்லை என்பது அங்கே பிள்ளைக்கும் தெரியும். மேலே இருப்பது எல்லோருக்கும் பொது, கீழே இறங்கிவிட்டால் யாருக்கோ சொந்தம். மழைக்குப் பொருந்துவது நிலாவுக்கும் பொருந்தும் என்று அந்தப் பிள்ளை தர்க்கம் பண்ணியிருக்கிறது. குழந்தைமை என்பதே வரலாற்றில் கட்டமைக்கப்பட்டது என்று ஃபிலிப் ஆரியே 1960இல் எழுதியதைப் பற்றி நம் பத்திரிகைகளில் நிறையப் பேசியாகிவிட்டது. அதோடு சேர்த்துச் சொல்லவேண்டியது, வியப்பும் அப்படித்தான் என்பது. வெறும் வியப்பு என்று ஒன்றில்லை. எந்த வீட்டுத் திண்ணையிலிருந்து அண்ணாந்து பார்க்கிறோம் என்பது அதற்குள் இருக்கிறது.

இங்கே நம்முடைய பழைய ஏற்பாட்டுக்கு வரவேண்டும். நிலாவை நாம் மாமா என்கிறோம். ஏன் மாமா? பெரியப்பா என்றோ சித்தப்பா என்றோ எந்தத் தாயும் நிலாவைக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. இது சும்மா ஓசைக்காக வந்தது என்று விட்டுவிட எனக்கு மனசில்லை. நமது உறவமைப்பில் அப்பா வழி ஆண்கள் பங்காளிகள். சொல்லே சொல்கிறது: பங்குக்கு ஆள்கிறவர்கள். வரப்புத் தகராறு, சுவர்த் தகராறு, கோர்ட்டு வழக்கு எல்லாம் அவர்களோடுதான். தாய்மாமனுக்கோ நம் வீட்டுச் சொத்தில் துண்டு நிலம்கூடக் கிடையாது. காது குத்து மடியிலிருந்து கல்யாணச் சீர் வரை அவன் கொண்டுவருகிறவன், கொடுக்கிறவன். வேற்றூரிலிருந்து வருவான், இருப்பான், போய்விடுவான். நிலாவுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எது? வரும், வெளிச்சம் கொடுக்கும், போகும். பங்கு கேட்காது. உடைமையில் சேராத உறவு ஒன்றை நம் பெண்கள் தேடி எடுத்து நிலாவுக்கு வைத்திருக்கிறார்கள் என்று வாசிக்க இடமிருக்கிறது.

அதைக் கூப்பிடுவது யார் என்பதும் கவனிக்கத்தக்கது. அப்பா அல்ல, அம்மா. கட்டிக்கொடுத்த ஊரில், மாமியார் வீட்டு முற்றத்தில் நின்று பிள்ளைக்குச் சோறூட்டுகிறவள், தன் கூடப்பிறந்தவன் முறை சொல்லி நிலாவைக் கூப்பிடுகிறாள். திருச்சுழியிலிருந்து பாளையம்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கு, இரண்டு ஊருக்கும் மேலே ஒரே நேரத்தில் தெரிவது அது ஒன்றுதான். சோறு பிள்ளைக்கு; கூப்பாடு தனக்கும் சேர்த்துத்தான். கார்லின் புத்தகத்தில் அம்மா இல்லை என்று பிள்ளைகள் உடனே கண்டுபிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. இங்கே நிலா அம்மா வழிச் சொந்தம்.

மாமனை ஒரேயடியாகப் புனிதமாக்கிவிடவும் முடியாது. கொடுக்கிற அதே கைக்கு முறைப்பெண் மேல் உரிமை என்றும் ஒன்றுண்டு. சீர் கொண்டுவருகிறவன் ஒருநாள் அக்கா மகளைக் கேட்பான். ஆகப் பெண்பிள்ளைக்கு அம்புலிமாமா சொல்லிக் கொடுப்பதில் வேறொரு பாடமும் அடங்கியிருக்கிறது. பெண்ணியத் தோழியர் இதை எழுதினால் நான் எழுதுவதைவிட நன்றாக இருக்கும்.

இதே அழைப்பைப் புலவர்கள் எடுத்துக்கொண்டபோது என்ன ஆயிற்று என்பது சுவாரசியமானது. பெரியாழ்வார் யசோதையாக நின்று கண்ணனோடு விளையாட நிலாவை அழைத்தார். பிற்பாடு பிள்ளைத்தமிழ் என்று ஒரு சிற்றிலக்கிய வகை உருவாகி, பத்துப் பருவங்களில் ஏழாவதாக அம்புலி நின்றது. பாட வருகிற புலவனுக்கு 'அம்புலி புலி' என்று வழக்கே உண்டு. அவ்வளவு கஷ்டமான பருவம். காரணம், அங்கே சாம, பேத, தான, தண்டம் என்கிற நான்கு ராஜதந்திர வழிகளிலும் நிலாவோடு வாதாடவேண்டும். நீயும் என் பிள்ளையும் ஒன்று என்பது சாமம். நீ தேய்கிறவன், களங்கமுள்ளவன், பாம்பு விழுங்குகிறவன், என் பிள்ளை அப்படியல்ல என்பது பேதம். வந்தால் உன் குறை தீரும் என்பது தானம். வராவிட்டால் பார் என்பது தண்டம். முற்றத்தில் மாமா என்று வந்த நிலா இங்கே குறுநில மன்னனாகி நிற்கிறது; பிள்ளையோ கடவுள் அல்லது அரசன். உறவு அதிகாரமாகிவிட்டது. என்றாலும் ஒன்று: எந்தப் பிள்ளைத்தமிழிலும் நிலா இறங்கி வந்து விளையாடியதாக இல்லை. நாலு வழியிலும் கெஞ்சி மிரட்டிவிட்டுப் புலவர் அடுத்த பருவத்துக்குப் போய்விடுகிறார். கார்லின் அப்பா ஏணி வைத்துச் சாதித்ததை நம் புலவர்கள் ஒருவரும் சாதிக்கவில்லை. சாதிக்க முயன்றதாகவும் தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், நிலா தேய்கிறது என்கிற ஒரே விஷயத்தை இரண்டு பிரதிகளும் எடுத்தாள்கின்றன. பிள்ளைத்தமிழுக்கு அது நிலாவின் குறை, வாதத்தில் குத்திக்காட்ட ஆயுதம். கார்லுக்கு அது வசதி. சிறுத்தால்தான் வீட்டுக்குக் கொண்டுபோக முடியும். இரண்டுமே அறிவியலுக்குப் பொருந்தாது. நிலா சிறுப்பதில்லை, வெயில் படும் பாதி நமக்குத் தெரிகிற பாகம்தான் மாறுகிறது. இதைச் சொல்லிப் புத்தகத்தைத் தள்ளிவிடலாம் என்று நண்பர் ஒருவர் அபிப்பிராயப்பட்டார். நான் உடன்படவில்லை. நிலா நாளுக்கு நாள் மாறுகிறது என்பதைக் கவனிக்காத பிள்ளைக்கு அது ஏன் மாறுகிறது என்று விளக்கிப் பயனில்லை. புத்தகம் கவனிக்கவைக்கிறது. மிச்சத்தை ஒரு விளக்கும் பந்தும் வைத்து அரைமணியில் காட்டிவிடலாம்.

குடும்பம் வியப்பைத் திறக்கிற இடம் மட்டுமல்ல, சாத்துகிற இடமும்தான். 15.1.2010 அன்று கங்கண சூரிய கிரகணம். கன்னியாகுமரி, ராமேஸ்வரம் என்று தென்கோடி முழுக்க அதன் பாதை. அருப்புக்கோட்டை வட்டாரமும் அதற்குள்தான். பட்டப்பகல் ஒன்றேகால் மணிவாக்கில் சூரியன் ஒரு வளையலாக நின்றது. மாட்டுப்பொங்கலும் தை அமாவாசையும் சேர்ந்த நாள். வாழ்நாளில் ஒரு தடவை வீட்டு வாசலுக்கே வருகிற காட்சி. எத்தனையோ வீடுகளில் கதவைச் சாத்தி, சோற்றுப்பானையில் தர்ப்பையைப் போட்டு, பிள்ளைகளை உள்ளே வைத்துவிட்டார்கள். பாம்பு விழுங்குகிற கதைமேல் எனக்குப் பெரிய பகை இல்லை. மேலே யாருக்கோ என்னமோ நடக்கிறது என்றாவது அது சொல்கிறது. பிள்ளைத்தமிழில் அதே பாம்பு ஒரு வாதமாக வந்து போயிற்று. வீட்டுக்குள் அது தடையுத்தரவாகிவிட்டது. வெறுங்கண்ணால் பார்க்காதே என்பது சரியான எச்சரிக்கை, கண் போய்விடும். பார்க்கவே பார்க்காதே என்பது வேறு. ஓர் ஓட்டை போட்ட அட்டையும் வெள்ளைத் தாளும் இருந்தால் திண்ணையிலேயே பார்த்திருக்கலாம்.

இதற்கடியில் இன்னொன்று இருக்கிறது. வானம் பார்த்த பூமி என்கிறோம். பார்ப்பது யார்? பூமி அல்ல, சம்சாரி. கரிசல் காட்டில் வானம் பெரியவர்களின் கவலைக்குச் சொந்தமான இடம். ஐப்பசி கார்த்திகையில் மேகம் கூடுதா கலையுதா என்று கையை நெற்றியில் வைத்துப் பார்க்கிற அப்பனிடம் போய், அது என்ன நட்சத்திரம் என்று கேட்கிற பிள்ளைக்கு என்ன பதில் கிடைக்கும்? தெளிந்த வானம் பிள்ளைக்குக் கொண்டாட்டம், அப்பனுக்குக் கெட்ட சகுனம். ஒரே வீட்டில், ஒரே ராத்திரியில், ஒரே வானத்தை இரண்டு பேர் எதிரெதிராகப் படிக்கிறார்கள். கார்ல் வகைப் படப்புத்தகங்களில் இந்தப் பிளவு வருவதே இல்லை. ஆலிவர் ஜெஃபர்ஸ் 2017இல் தன் சின்ன மகனுக்காக எழுதி வரைந்த 'ஹியர் வீ ஆர்' சூரியக் குடும்பத்திலிருந்து தொடங்கிப் பூமிக்கு இறங்கி, மனிதர்களையெல்லாம் அணைத்துக்கொள்கிறது. அழகான புத்தகம்தான். ஆனால் அதன் அப்பா ஜன்னலருகில் பயமில்லாமல் நிற்க முடிகிற அப்பா. தெளிந்த வானம் அவருக்குச் செலவு வைப்பதில்லை.

வீட்டிலிருந்து ராஜ்ஜியத்துக்கு வருவோம். 'மத்த ஊருக்கு?' என்கிற கேள்வி அந்தப் பிள்ளைக்கு முன்னாலேயே சர்வதேசச் சட்டத்தில் கேட்கப்பட்டதுதான். 1967இன் விண்வெளி ஒப்பந்தம், நிலவையோ பிற கோள்களையோ எந்த நாடும் தனதென்று சொந்தம் கொண்டாட முடியாது என்கிறது. இந்தியா 1982இல் அதை உறுதிப்படுத்தியது. அதாவது நிலா பங்காளிச் சொத்தல்ல என்று உலகம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. 2015இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. நிலத்துக்குச் சொந்தம் கொண்டாடமாட்டோம், தோண்டி எடுக்கிற பொருளுக்கு மட்டும் எடுத்த கம்பெனி சொந்தக்காரன் என்பது அதன் சாரம். மரம் உனதல்ல, காய் உனது. 2023 ஜூனில் இந்தியா கையெழுத்திட்ட ஆர்ட்டெமிஸ் உடன்பாடும் இந்தத் தோண்டுதல் ஒப்பந்தத்துக்கு விரோதமில்லை என்கிற வாசிப்பையே ஏற்கிறது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 தென்துருவத்துக்கு அருகே இறங்கியது. திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர், வீரமுத்துவேல். ரயில்வேயில் டெக்னீசியனாக இருந்தவரின் மகன். பள்ளிக்கூடங்களில் நேரலையாகக் காட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில் குறை காண நான் வரவில்லை. அன்று பிரதமர் பேசிய பேச்சில் ஓர் இடம்தான் இந்தக் கட்டுரைக்குரியது. சந்தாமாமா ரொம்பத் தூரத்தில் இருக்கிறார் என்று ஒரு காலத்தில் பிள்ளைகளுக்குச் சொன்னோம், இனி ஒரு டூர் போகிற தூரம்தான் என்று பிள்ளைகள் சொல்லும் காலம் வரும் என்றார். இந்தியில் இரண்டு சொல்லும் எதுகையாக விழுகின்றன, கைதட்டும் விழுந்தது. ஆனால் கூர்ந்து கேட்டால், ஒரு முறைச்சொல் பயணச்சீட்டாக மாறுகிற ஓசை அது. மாமா நம் வீட்டுக்கு வந்தது போய், நாம் அவரிடத்துக்குக் காசு கொடுத்துப் போகிறோம். மூன்று நாள் கழித்து இறங்கிய இடத்துக்குச் 'சிவசக்தி' என்று பெயரும் வைத்தாயிற்று. பெயர் வைப்பது சொந்தம் கொண்டாடுவதல்ல என்று சட்டம் சொல்லும். வேலி போடுவதற்கு முன்னால் எல்லோரும் முதலில் செய்வது பெயர் வைப்பதுதான் என்று கரிசல்காட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

'அம்புலிமாமா'வே என்ன ஆயிற்று என்பதையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். 2007இல் மும்பை மென்பொருள் கம்பெனி ஒன்றின் கைக்குப் போனது. சில ஆண்டுகளில் நின்றது. சங்கர் 2020இல் காலமானார்.

இனி கார்லின் புத்தகத்தை யாராவது தமிழில் கொண்டுவந்தால், அந்தத் தலைப்பிலுள்ள வினைச்சொல்லை என்ன செய்வார்கள் என்பது எனக்கு முக்கியமான கேள்வி. ஆங்கிலத்தின் 'கெட்' எல்லாவற்றுக்கும் ஆகும். தமிழில் பொருளை எடுத்துக்கொண்டு வருவோம், ஆளைக் கூட்டிக்கொண்டு வருவோம். தமிழ் அங்கே தேர்ந்தெடுக்கச் சொல்லும். பாளையம்பட்டி மாடியில் 'எடுத்துட்டு வாங்கப்பா' என்றுதான் சொல்லிக் காட்டினேன், புத்தகம் அதைத்தான் கேட்கிறது. கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னபோது பெரிய பையன்கள் எடுத்துட்டு என்றே சொன்னார்கள். கடைசி வரிசைச் சின்னப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் "அவுங்கப்பா மலைக்குப் போயி நெலாவக் கூட்டிட்டு வந்தாரு" என்றார்கள். அப்புறம் அது எங்கே போயிற்று என்று கேட்டேன். "ஊருக்கு" என்றது ஒன்று. எந்த ஊருக்கு என்று கேட்டதற்கு, இது தெரியாதா என்கிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டு, விரித்த பக்கத்தை மடிக்கத் தெரியாமல் மடிக்கத் தொடங்கியது.